ஹாம் ரேடியோ: செட்டுக்கு முன்னால் கம்பியைப் பாருங்கள்

சங்கரன்கோவில் அருகே உள்ள குருவிகுளத்திலிருந்து கொழும்பு, நேர்கோட்டில் சுமார் 350 கிலோமீட்டர். பகல் வேளையில் 7 மெகாஹெர்ட்ஸில் 10 வாட் திறனுள்ள சிறிய ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) செட் இருந்தால் அங்கே உள்ளவரோடு பேசிவிடலாம். இணையம் வேண்டாம், செல்போன் கோபுரமும் வேண்டாம். அதே ஊரில் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து செட் வாங்கியவர், கேபிளிலும் ஆண்டெனாவிலும் கோட்டை விட்டிருந்தால், பக்கத்து ஊர்க் குரலுக்கே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். புதிதாக நிலையம் அமைப்பவர்கள் பணத்தை எதில் போடுவது, போட்டதை எப்படிக் காப்பது?

உரிமம் முதலில்

செட் வாங்குவதற்கு முன்பே உரிமம் வாங்க வேண்டும். மத்திய தகவல்தொடர்பு அமைச்சகத்தின் டபிள்யூபிசி பிரிவு இதை வழங்குகிறது. 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதலாம். 'ரெஸ்ட்ரிக்டட்' நிலைக்கு மோர்ஸ் குறியீடு தேவையில்லை. 'ஜெனரல்' நிலைக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும். அழைப்புக்குறியின் தொடக்கத்தைப் பார்த்தே நிலை தெரியும்: ஜெனரலுக்கு வியூ2, ரெஸ்ட்ரிக்டடுக்கு வியூ3. இணையக் கடையில் கிடைக்கிறது என்பதற்காக வாக்கி-டாக்கியை வாங்கிவிடக் கூடாது. அனுமதியற்ற கருவிகளின் விற்பனையைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் இணைய விற்பனைத் தளங்களுக்கென்றே நெறிமுறைகளை வெளியிட்டது.

கைக்கருவியா, எச்எஃப் செட்டா?

பலரும் முதலில் வாங்குவது 144–146 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் கைக்கருவி. விலை குறைவு, ஆனால் இந்த அலை ஏறக்குறைய பார்வை எட்டும் தூரம்தான் போகும். இரு முனையிலும் ஆண்டெனா 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் சமவெளியில் சுமார் 26 கிலோமீட்டர் என்று கணக்கு. அதற்கு மேல் போக, உயரமான இடத்தில் இருந்து சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் எட்ட வேண்டும். எட்டாத ஊரில் கைக்கருவி மட்டும் வைத்திருப்பவருக்குப் பேச ஆள் கிடைப்பது அரிது.

3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எச்எஃப் அலை அயனிமண்டலத்தில் பட்டுத் திரும்பும்; மலையும் கடலும் அதற்குத் தடையில்லை. 7.1 மெகாஹெர்ட்ஸுக்கான அரை அலைநீள ஆண்டெனாவின் நீளம் சுமார் 20 மீட்டர். நகரத்து அடுக்குமாடியில் இதைக் கட்ட இடம் தேடி அலைய வேண்டும். கிராமத்திலோ வீட்டு மாடிக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே தாம்புக் கயிற்றில் இழுத்துக் கட்டிவிடலாம். பக்கத்து வீடுகளின் மின்கருவி இரைச்சலும் குறைவு. இந்தப் பொழுதுபோக்கில் கிராமத்துக்காரர் நகரத்தாரைவிட ஒரு படி முன்னால்தான் தொடங்குகிறார்.

10 வாட், 100 வாட்

ஐகாம் ஐசி-7300 போன்ற செட் 100 வாட் தரும். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் வடிவமைத்து 2017இல் வந்த மைக்ரோபிட்எக்ஸ் சுமார் 10 வாட் தரும். திறன் பத்து மடங்கு. கேட்பவரின் சிக்னல் மீட்டரிலோ இரண்டு புள்ளிகூட ஏறாது, ஏனெனில் ஒரு புள்ளி கூட வேண்டுமானால் திறன் நான்கு மடங்காக வேண்டும். விலையுயர்ந்த செட்டின் உண்மையான மேன்மை வேறு: நெருக்கமான அலைவரிசைகளில் பலர் பேசும்போது வேண்டிய குரலை மட்டும் பிரித்தெடுக்கும்.

மின்சாரத்தையும் ஒப்பிட வேண்டும். 100 வாட் செட் முழுத் திறனில் பேசும்போது சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். சிறிய செட்டுக்கு இரண்டு மூன்று ஆம்பியர் போதும். புயலில் கரண்ட் போன பிறகும் பேச நினைப்பவர், 12 வோல்ட் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை முதலில் கணக்கிட வேண்டும்.

பழுது பார்க்கும் வசதி இன்னொன்று. ஃபர்ஹான் 2003இல் வெளியிட்ட முதல் பிட்எக்ஸ் செட்டில், காந்த வளையத்துக்குப் பதிலாகக் குழாய்க்குப் போடும் வாஷரில் கம்பி சுற்றினார்கள். உள்ளூர்க் கடைச் சாமானில் கட்டிய செட்டை, சால்டரிங் தெரிந்தவர் தானே சரிசெய்துகொள்ளலாம்.

கேபிள் சொல்லும் பொய்

145 மெகாஹெர்ட்ஸில், மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 30 மீட்டர் ஓடினால் செட் அனுப்பும் 5 வாட்டில் ஆண்டெனாவுக்குப் போய்ச் சேர்வது ஏறக்குறைய ஒன்றேகால் வாட். தடித்த ஆர்ஜி-213 என்றால் பாதிக்குச் சற்று மேல் மிஞ்சும். 7 மெகாஹெர்ட்ஸில் அதே மெல்லிய கேபிள் முக்கால் பங்கைக் கொண்டுசேர்த்துவிடும். ஆக, எந்த அலைவரிசை என்று தெரியாமல் கேபிள் வாங்கக் கூடாது.

இதில் ஒரு கண்ணியும் உண்டு. ஆண்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரில் 1.5க்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள். ஆனால் 145 மெகாஹெர்ட்ஸில் மேலே சொன்ன மெல்லிய கேபிளில், மாடியில் ஆண்டெனா அறுந்து விழுந்திருந்தாலும் கீழே மீட்டர் சுமார் 1.7 என்றுதான் காட்டும். திரும்பி வரும் சக்தியையும் கேபிளே தின்றுவிடுவதுதான் காரணம். எனவே மீட்டரை ஆண்டெனாவின் அடியிலும் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும்.

காற்று, மழை, இடி

தென்மேற்குப் பருவத்தில் காற்றாலைகளைச் சுழற்றும் காற்றுதான் ஆண்டெனாக் கம்பியையும் உலுக்குகிறது. ஒரு முனையைக் கப்பியில் ஓட்டி எடை தொங்கவிட்டால், மரம் ஆடினாலும் கம்பி அறாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் கனெக்டர்களை ரப்பர் டேப்பால் சுற்ற வேண்டும். உள்ளே நீர் இறங்கினால் செம்பு கறுத்து, கேபிளே வீணாகும். இடி கேட்கும்வரை காத்திருக்காமல், வானம் இருண்டதும் கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வெளியே போட வேண்டும். கம்பி அறுந்து விழுந்தாலும் மின்வாரியக் கம்பியைத் தொடாத இடத்தில்தான் அதைக் கட்ட வேண்டும்.

பேட்டரிக்கும் செட்டுக்கும் நடுவே ஃபியூஸ் இருப்பது கட்டாயம். கைக்கருவியின் லித்தியம் பேட்டரியை நெடுநாள் எடுத்துவைப்பதானால் பாதி சார்ஜில் வைப்பது நல்லது.

மாலையில் குரல் நடுங்கினால்

சூரியன் மறைந்த பின் சில நாட்களில் குரல் படபடக்கும். அதற்குச் செட்டைத் திறக்க வேண்டாம். திருநெல்வேலி வட்டாரம் புவிகாந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் இங்கே ஆய்வகம் வைத்திருப்பதும் அதனால்தான். இரவில் இங்கே அயனிமண்டலத்தில் குமிழிகள் எழுந்து அலையைக் குலைக்கும். மறுநாள் பகலிலும் அதே கோளாறு தொடர்ந்தால் மட்டும் கருவியைச் சந்தேகிக்கலாம்.

நிலையம் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2004 டிசம்பரில் ஹாம் ரேடியோக்காரர் பாரதி பிரசாத்தின் குழு அந்தமானுக்குப் போனது உலக ஹாம்களோடு பேசி மகிழத்தான். 26ஆம் தேதி சுனாமி தாக்கியபோது அவர்களுடைய செட்டும் ஆண்டெனாவும் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்தன. அதே நிலையம் அவசரச் செய்திகளுக்குத் திரும்பியது. அப்படி எப்போதும் இயங்கும் நிலையத்துக்கு வாங்கும் வரிசை இது: உரிமம், ஆண்டெனா, கேபிள், பேட்டரி, மீட்டர், கடைசியாகக் கையில் மிஞ்சும் பணத்துக்கு ஏற்ற செட். அதன் பிறகு வாரம் ஒருமுறையாவது பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பேசிப் பார்த்து, மீட்டர் அளவை நோட்டில் குறித்துவைத்தால், பழுது வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும்.