முடிதிருத்துபவர் ஒரு பெண்ணாக இருந்தால்?

ஓர் ஊரில் ஒரே ஒரு சலூன். அதை நடத்துபவர் வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார். "தாமே முகச்சவரம் செய்துகொள்ளாத இவ்வூர் ஆண்கள் அனைவருக்கும் நான் சவரம் செய்வேன். தாமே செய்துகொள்ளும் எவருக்கும் செய்யமாட்டேன்." அப்படியானால் அவருக்கு யார் சவரம் செய்வது? அவரே செய்துகொண்டால் 'தாமே செய்துகொள்பவர்' ஆகிவிடுகிறார். பலகைப்படி அவருக்கு அவர் செய்யக்கூடாது. செய்துகொள்ளாமல் விட்டாலோ, பலகைப்படி செய்தே தீரவேண்டும்.

நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் இதைப் போட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் ஒருவர் சொல்வார்: "சலூன் நடத்துவது ஒரு பொம்பள. அவ்வளவுதான்." இன்னொருவர், "அந்த ஆளு முழுத்தாடி வச்சிருக்கான்" என்பார். மூன்றாமவர், "அவர் வெளியூர்க்காரர். தினமும் பஸ்ஸில் வந்து கடையைத் திறக்கிறார்" என்பார். புதிர் போட்டவருக்கு எரிச்சல் வரும். "அதெல்லாம் கணக்கில் சேராது, தர்க்கமாகப் பேசு" என்பார்.

நான் ஓட்டை தேடுபவர்களின் கட்சி. அந்த மூவரும் தர்க்கமாகத்தான் பேசுகிறார்கள். பலகையை இன்னொரு முறை படித்தால் தெரியும்: பெண் என்ற பதில் முழுக்கச் செல்லும், ஏனென்றால் பலகை பேசுவது ஆண்களைப் பற்றி மட்டும். வெளியூர்க்காரர் என்பதும் செல்லும். முழுத்தாடி மட்டும் செல்லாது. தாடி வைத்திருப்பவரும் தாமே சவரம் செய்துகொள்ளாத ஆண்தான். பலகை அவரையும் நாற்காலியில் உட்காரச் சொல்கிறது. மூன்று பதில்களில் எது நிற்கும், எது விழும் என்று பிரித்துப் பார்ப்பதே தர்க்கத்தின் முதல் பாடம்.

சரி, புதிர் போட்டவர் விடமாட்டார். "அவர் ஆண், இதே ஊர்க்காரர்" என்று இரண்டு சொற்களைச் சேர்த்து ஓட்டைகளை அடைத்துவிடுவார். இப்போது மிஞ்சுவது என்ன? அப்படி ஒரு சலூன்காரர் இருக்கமுடியாது என்ற சாதாரண உண்மை. பலகையில் எதையும் எழுதி வைக்கலாம். எழுதிவிட்டதாலேயே அதன்படி நடக்கக்கூடிய ஆள் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இந்தப் புதிர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் பெயரில் உலவுகிறது. ஆனால் 1918இல் லண்டனில் ஆற்றிய உரைத்தொடரில் அவரே இதை ஒதுக்கித் தள்ளியிருக்கிறார்: இது தமக்கு வேறொருவர் சொன்ன வடிவம் என்றும், தாம் கண்டுபிடித்த முரணுக்கு இது ஈடாகாது என்றும்.

ரஸ்ஸலின் சொந்த முரண் எது என்பதற்குப் போகுமுன், நம் வீட்டுச் சரக்கு ஒன்று. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் தருக்க நெறிகளை விளக்குகிறார். வாதத்தில் வரும் குற்றங்களை வகைப்படுத்தும்போது 'சுவசன விருத்தம்' என்று ஒன்றைச் சொல்கிறார். தன் சொல்லைத் தானே மறுக்கும் கூற்று அது. அவர் தரும் உதாரணம், ஒருவன் தன் தாயை மலடி என்று சொல்வது. சொல்பவன் பிறந்திருப்பதே அவன் கூற்றைப் பொய்யாக்கிவிடுகிறது. அடிகள் காலத்தில் இதில் ஓட்டை தேடியவர், "வளர்த்த தாயாக இருக்கலாமே" என்றிருப்பார். "பெற்ற தாய்" என்று ஒரு சொல்லைச் சேர்த்து அதை அடைத்திருப்பார்கள். இன்று அந்தச் சொல்லும் போதாது. கருமுட்டை ஒருவரிடமிருந்து வருகிறது, சுமந்து பெறுபவர் இன்னொருவர். முட்டையே உருவாகாத ஒரு பெண் தானமாகப் பெற்ற முட்டையில் கருவுற்றுக் குழந்தை பெறுகிறார். மருத்துவர் அவரை எந்தப் பட்டியலில் வைப்பார்? அசையாது என்று நினைத்த உதாரணம், 'பெறுதல்' என்பது ஒரே செயல் என்ற நம்பிக்கையின் மேல் நின்றிருக்கிறது. ஓட்டை தேடியவர் கை வைத்தது அந்த நம்பிக்கையில்.

இனி 1902க்கு வருவோம். ஜெர்மனியின் யேனா நகரில் கோட்லோப் ஃபிரேக என்ற கணிதப் பேராசிரியர், எண்கணிதம் முழுவதையும் தூய தர்க்கத்திலிருந்து கட்டி எழுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய பெருநூலின் இரண்டாம் பாகம் அச்சில் இருந்தது. ஜூன் 16ஆம் தேதி ரஸ்ஸல் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நூலைப் பாராட்டிவிட்டு, ஓர் இடத்தில் மட்டும் சிக்கல் என்றார்.

பொருள்களைத் தொகுத்தால் கிடைப்பது கணம். ரஸ்ஸல் பின்னாளில் சொன்ன உதாரணம் தேக்கரண்டி. எல்லாத் தேக்கரண்டிகளையும் சேர்த்த கணம் ஒரு தேக்கரண்டி ஆகாது. எனவே அது தன்னையே உறுப்பாகக் கொள்ளாது. தேக்கரண்டி அல்லாத எல்லாவற்றையும் சேர்த்த கணமோ தேக்கரண்டி அல்ல. எனவே தனக்குள் தானே உறுப்பாக இருக்கிறது. இப்போது, தன்னையே உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் அனைத்தையும் ஒன்று சேருங்கள். அந்தப் பெரிய கணம் தன்னில் உறுப்பா? ஆம் என்றால் இல்லை. இல்லை என்றால் ஆம்.

சலூன்காரரை விரட்டியதுபோல, அப்படி ஒரு கணமே கிடையாது என்று சொல்லிவிட்டால் என்ன? ஃபிரேகவால் சொல்லமுடியாது. எந்த நிபந்தனையைக் கொடுத்தாலும் அதற்குப் பொருந்துபவை சேர்ந்து ஒரு கணமாகும் என்பதை அவருடைய ஐந்தாம் அடிப்படை விதி உறுதி செய்திருந்தது. எண்ணின் இலக்கணத்தையே அவர் அந்த விதியின் மேல்தான் கட்டியிருந்தார். பலகை எழுதினால் ஆள் பிறந்தே ஆகவேண்டிய ஊர் அது. எனவே இங்கே ஓட்டை கதையில் இல்லை, விதியில் இருந்தது. ஜூன் 22ஆம் தேதியே ஃபிரேக பதில் எழுதினார். கட்டடத்தின் அடித்தளம் ஆடிவிட்டதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, 1903இல் வெளியான இரண்டாம் பாகத்தில் ஒரு பின்னிணைப்பையும் சேர்த்தார். அதில் விதியைத் திருத்திப் பார்த்தார். அந்தத் திருத்தமும் முரணில் போய் முடிகிறது என்று பின்னர் போலந்தின் லெஷ்னியெவ்ஸ்கி காட்டினார்.

வழி கண்டவர்களில் ஒருவர் கணிதவியலாளர் செர்மெலோ. 1908இல் அவர் வைத்த விதி சிக்கனமானது: நிபந்தனை சொல்லிப் புதிதாகக் கணத்தை உண்டாக்கமுடியாது, ஏற்கெனவே இருக்கும் ஒரு கணத்திலிருந்து பிரித்தெடுக்க மட்டுமே முடியும். இந்த விதியின்கீழ் ரஸ்ஸலின் வாதத்தை ஓட்டிப் பார்த்தால் முரண் வருவதில்லை. எல்லாக் கணங்களையும் அடக்கிய கணம் இல்லை என்ற தேற்றம் வருகிறது. ஒரு புத்தகத்தைக் கவிழ்த்த வாதம் அடுத்த புத்தகத்தில் நிரூபணமாக உட்கார்ந்துகொண்டது. கணித வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடமாற்றம் இது.

பொய்யர் முரண் இவ்வளவு எளிதில் அடங்கவில்லை. கிரீட் தீவின் எபிமெனிடிஸ், கிரீட்காரர்கள் எப்போதும் பொய்யர்கள் என்றாராம். இதில் ஓட்டை தேடக் கஷ்டப்பட வேண்டாம்: ஏதோ ஒரு கிரீட்காரர் ஒரே ஒரு முறை உண்மை பேசியிருந்தால் போதும், எபிமெனிடிஸ் சொன்னது வெறும் பொய், முரண் எதுவும் இல்லை. ஓட்டையில்லாத வடிவம், "இந்த வாக்கியம் பொய்." ஐந்தாம் நூற்றாண்டு இலக்கண மேதை பர்த்ருஹரி வாக்கியபதீயத்தில், தான் சொல்வதெல்லாம் பொய் என்று ஒருவன் சொல்வதை எடுத்துக்கொள்கிறார். அப்படிச் சொல்பவன் அந்த வாக்கியத்தையே கணக்கில் வைத்துச் சொல்வதில்லை என்பது அவர் விடை. பேசுபவனின் கருத்தைப் பார், சொல்லின் கண்ணியில் சிக்காதே என்கிறார். 1930களில் ஆல்ஃபிரட் தார்ஸ்கி கணிதச் செறிவோடு கட்டியதும் இதே திசையில்தான்: ஒரு மொழியின் வாக்கியங்கள் மெய்யா பொய்யா என்பதை அந்த மொழிக்குள்ளிருந்து பேசக்கூடாது, ஒரு படி மேலே நின்று பேசவேண்டும்.

விவாதக்காரர்கள் இங்கே இரண்டு சந்துகளைத் திறப்பார்கள். முதலாவது: அந்த வாக்கியம் மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை, அர்த்தமற்றது. நல்லது, அப்படியானால் "இந்த வாக்கியம் மெய்யானது அல்ல" என்பதை எடுங்கள். அர்த்தமற்றது மெய்யானது அல்லதானே? அதைத்தானே அது சொல்கிறது? ஆக, மெய். அடைத்த ஓட்டையின் அடைப்பிலிருந்தே முரண் திரும்பி வருகிறது. தர்க்கவியலாளர்கள் இதைப் பழிவாங்கல் என்று அழைப்பது பொருத்தம்தான்.

இரண்டாவது சந்து: தன்னைத்தானே சுட்டும் வாக்கியங்களுக்குத் தடை போடு. ஆனால் "இந்த வாக்கியத்தில் ஐந்து சொற்கள் உள்ளன." எண்ணிப் பாருங்கள், சரியாக இருக்கும். தன்னைத்தானே சுட்டுகிறது, யாருக்கும் எந்தத் தொல்லையும் தரவில்லை. எதைத் தடை செய்வது? 1975இல் சால் கிரிப்கி இன்னும் கூர்மையாக்கினார். ஜோன்ஸ் என்பவர், வாட்டர்கேட் பற்றி நிக்சன் சொன்னவற்றில் பாதிக்கு மேல் பொய் என்கிறார். நிக்சனோ, வாட்டர்கேட் பற்றி ஜோன்ஸ் சொல்வதெல்லாம் உண்மை என்கிறார். இரண்டும் நாள்தோறும் காதில் விழும் பேச்சு. ஆனால் நிக்சனின் மற்றப் பேச்சுகளில் மெய்யும் பொய்யும் சரிபாதியாக இருந்து, ஜோன்ஸ் சொன்னது இந்த ஒன்று மட்டுமே என்றால், இரண்டும் முரணில் மாட்டிக்கொள்ளும். வாக்கியத்தைப் பார்த்தவுடன் முரணை அடையாளம் காணமுடியாது. உலக நடப்பைப் பொறுத்தது அது.

1993இல் ஸ்டீபன் யாப்லோ அந்த இரண்டாவது சந்து முழுவதையும் மூட முயன்றார். முடிவே இல்லாத ஒரு வரிசை. நிற்கும் ஒவ்வொருவரும், "எனக்குப் பின்னால் நிற்கும் அனைவரும் சொல்வது பொய்" என்கிறார்கள். யாரும் தன்னைப் பற்றிப் பேசவில்லை. வரிசையில் நிற்கும் கண்ணன் சொல்வது மெய் என்று வைப்போம். அவருக்குப் பின்னால் எல்லோருமே பொய். அடுத்து நிற்கும் கமலாவும் பொய். ஆனால் கமலாவுக்குப் பின்னால் இருப்பவர்களும் பொய்தான்; கமலா சொன்னதும் அதுதான். அப்படியென்றால் கமலா மெய். முரண். எனவே வரிசையில் ஒருவர்கூட மெய் பேசமுடியாது. எல்லோருமே பொய் என்றால், கண்ணன் சொன்னது சரியாகிவிடுகிறது! மறுபடி முரண்.

வரிசைக்கு முடிவு இருந்தால் தொல்லை இல்லை. கடைசி ஆளுக்குப் பின்னால் யாருமில்லை, அவர் சொல்வதைப் பொய்யாக்க ஆளில்லாததால் அது மெய். மற்றவர்கள் எல்லோரும் பொய். ஆக, முரணுக்குத் தேவைப்படுவது முடிவின்மை. முடிவில்லாத வரிசை எங்கே இருக்கிறது என்று கேட்பவரை நான் மதிக்கிறேன். 1997இல் கிரஹாம் பிரீஸ்ட் வேறு பக்கமிருந்து தாக்கினார்: இந்த வரிசையை ஒரே விதியால் விவரிக்கும்போதே தற்சுட்டு மறைவாக உள்ளே வந்துவிடுகிறது என்றார். அந்த வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

தீர்ப்பு வந்த வழக்குகளும் உண்டு, ஆனால் அவை சட்டத்தில். 1947 டிசம்பர் 5, அமெரிக்கக் குடியுரிமை நேர்காணலுக்குக் கர்ட் கோடெல் போகிறார். உடன் ஐன்ஸ்டைனும் பொருளியலாளர் மோர்கென்ஸ்டெர்னும். எந்தக் கணித அமைப்பும் தன் முரணின்மையைத் தானே நிரூபிக்க முடியாது என்று, தக்க நிபந்தனைகளோடு, 1931இல் காட்டியவர் கோடெல். நேர்காணலுக்காக அமெரிக்க அரசமைப்பைப் படித்தவர், சட்டப்படியே சர்வாதிகாரம் வர அதில் வழி இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். நண்பர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கும்படி கெஞ்சினார்கள். நீதிபதி ஃபோர்மன், ஆஸ்திரியாவில் நடந்ததுபோல் இங்கே நடக்காது என்று ஏதோ சொல்லப்போக, நடக்கும், நிரூபிக்கிறேன் என்று கோடெல் ஆரம்பித்தார். நல்லவேளை, நீதிபதி பேச்சை மாற்றிவிட்டார். அந்த ஓட்டை எது என்று மோர்கென்ஸ்டெர்ன் எழுதிவைக்கவில்லை. பலரின் ஊகம், திருத்த முறையைச் சொல்லும் ஐந்தாம் கூறு. திருத்தும் விதி தன்னையே திருத்தலாமா? 1969இல் டென்மார்க் சட்ட அறிஞர் ஆல்ஃப் ராஸ் இதையே தர்க்கச் சிக்கலாக எடுத்து எழுதினார். அவர் தந்த விடையில் தார்ஸ்கியின் வாடை அடிக்கிறது: திருத்த விதிக்கு மேலே, எழுதப்படாத ஓர் உயர்விதி இருந்தாக வேண்டும் என்றார்.

இந்தியாவில் இது புத்தகத்தோடு நிற்கவில்லை. நம் அரசமைப்பில் திருத்த அதிகாரம் 368ஆம் கூறு. 1971இல் 24ஆவது திருத்தம், 368ஐப் பயன்படுத்தி 368ஐயே மாற்றியது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்தனர். அந்தத் திருத்தம் செல்லும் என்றார்கள். ஆனால் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க 368க்கு அதிகாரம் இல்லை என்று 7க்கு 6 என்ற கணக்கில் முடிவானது. நெருக்கடி நிலையின்போது, 1976இல், நாடாளுமன்றம் அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது. 42ஆவது திருத்தம் 368க்குள் இரண்டு உட்பிரிவுகளைச் செருகி, திருத்த அதிகாரத்துக்கு எந்த வரம்பும் இல்லை, எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கமுடியாது என்று எழுதிவைத்தது. சலூன்காரர் தன் பலகையை மாற்றி, இனி என் பலகையை யாரும் படித்துக் கேள்வி கேட்கக்கூடாது என்று சேர்த்ததைப்போல.

1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த இரண்டையும் நீக்கியது. தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் வைத்த வாதத்தை எந்தத் தர்க்க வகுப்பிலும் நடத்தலாம்: வரம்புக்கு உட்பட்டுத் தரப்பட்ட அதிகாரத்தைக் கொண்டு, அதே அதிகாரத்தை வரம்பற்றதாக விரித்துக்கொள்ள முடியாது. ஓட்டை தேடுபவர்கள் அங்கேயும் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். 'அடிப்படைக் கட்டமைப்பு' என்ற சொல் அரசமைப்பில் எங்கும் இல்லை. அது 13 பேர் அமர்வின் தீர்ப்பில் வந்தது. 15 பேர் அமர்வு ஒன்று கூடி அதை மாற்றினால்?