சொக்கட்டான் ஆட்டமும் திருட்டுப் பழியும்

திருமலைவாசன் சூதாடிய கதை தெரியுமா? வடநாட்டிலிருந்து வந்த பாவாஜி என்னும் துறவியுடன் இரவுதோறும் சொக்கட்டான் ஆட வருவாராம் பெருமாள். ஒருநாள் ஆட்டத்தில் விடிந்தே விட்டது. அவசரத்தில் ரத்தின ஆரத்தை மறந்து போய்விட்டார்.

நகையுடன் அகப்பட்ட பாவாஜி, "பெருமாள்தான் விட்டுப் போனார்" என்றால் யார் நம்புவார்கள்? சிறையிலடைத்து, விடிவதற்குள் ஒரு வண்டிக் கரும்பைத் தின்று காட்டச் சொன்னார்கள். யானை வந்து தின்று தீர்த்ததாம்! இந்தியில் 'ஹாத்தி' என்றால் யானை. அதனால் அவர் ஹாத்திராம்ஜி.

கதை கிடக்கட்டும். சரித்திரம் இன்னும் வேடிக்கை. கோயில் நிர்வாகம் சித்தூரிலிருந்த வடஆற்காடு கலெக்டரிடம் இருந்தது. 1843-ல் கும்பினியார் அதைக் கைவிட்டபோது, கோயிலும் நகைகளும் யாரிடம் ஒப்படைக்கப்பட்டன? நகை திருடியதாகப் பழி சுமந்தவரின் மடத்திடமே! 1933 வரை மகந்துகளின் ஆட்சிதான்.

திருமலையில் கோயிலருகே இன்றும் இருக்கிறது அந்த மடம்.