வருடப் பாஸ் இருந்தால் மட்டும் போதுமா?

தேனி மாவட்டம் தேவாரத்திலிருந்து பிள்ளைகளைத் தீம் பார்க்குக்குக் கூட்டிப்போவது லேசான காரியமில்லை. விடிய ஜீப் ஏறி மலைக்குப் போகிறவர்களுக்கு ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பு இருக்கக் கூடாது; பள்ளிக்கு லீவு வேண்டும்; போடி ரயிலிலோ வேனிலோ இடம் கிடைக்க வேண்டும். எல்லாம் கூடி வருவது தீபாவளி, பொங்கல், மே மாதம் போன்ற சில நாட்களில்தான். வருடப் பாஸ் கைகொடுக்காமல் போவதும் பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

பாஸ் என்பது பணம் கட்டியதற்கான அத்தாட்சி. எந்தத் தேதியில் உள்ளே போகலாம் என்பதை முன்பதிவுதான் முடிவு செய்கிறது. ரயில் சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏற முடியாதே, அதுபோல. முன்பதிவைக் கட்டாயமாக்கிய பூங்காக்கள் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைக்கின்றன. அதில் பாஸ்காரர்களுக்கென்று தனிப் பங்கு ஒதுக்கினால், அது தீர்ந்த பிறகு பாஸுக்கு இடமில்லை. அன்றைய டிக்கெட் மட்டும் விற்றுக்கொண்டிருக்கும். இதுபோக, பாஸ் செல்லாத விலக்கு நாட்களும் உண்டு.

கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் இதுதான் வழக்கானது. 2021-ல் 1,399 டாலருக்கு விற்ற பாஸுக்கு ‘விலக்கு நாட்களே இல்லை’ என்று விளம்பரம் செய்தார்கள். வாங்கிய ஒருவர், பாஸுக்கு இடமில்லை என்ற தேதிகளில் தினசரி டிக்கெட் விற்பதைக் கண்டு நீதிமன்றம் போனார். தவறை ஒப்புக்கொள்ளாமலே நிறுவனம் 95 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ஆனால் வழக்குச் செலவு போக, ஒரு லட்சத்துக்கும் அதிகமான பாஸ்காரர்களுக்குப் பிரித்தபோது தலைக்கு 67 டாலர் அளவே தேறியது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை:

• விலக்கு நாட்கள் எவை?
• ஒரே நேரத்தில் எத்தனை தேதிகளுக்குப் பதிவு செய்யலாம்?
• பதிவு செய்துவிட்டு வராவிட்டால் என்ன ஆகும்? (டிஸ்னிலேண்டில் 90 நாளில் மூன்று முறை வராவிட்டால் 30 நாள் பதிவு செய்ய முடியாது என்று விதி வைத்தார்கள்.)
• பூங்கா மூடினால் பணம் திரும்புமா, பாஸ் காலம் நீளுமா?

விளம்பரம், நிபந்தனைகள், ‘இடமில்லை’ என்று காட்டும் திரை, அதே தேதியில் டிக்கெட் விற்கும் திரை ஆகிய நான்கையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரம், நேர்மையற்ற வணிகம், சேவைக் குறைபாடு ஆகியவற்றுக்குப் பரிகாரம் கேட்கலாம். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பூங்கா எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் தேனி மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

வழக்கில் பணம் திரும்பலாம், போன லீவு திரும்பாது. ஆகவே, உங்களுக்குத் தோதான தேதியில் பாஸுக்கு இடம் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். காட்டவில்லையென்றால், அந்த ஒரு நாளுக்கான டிக்கெட்டே லாபம்.