தார் பாலைவனம் வெறும் மணலா? புத்தகங்கள் சொல்லும் வேறு கணக்கு

மேற்கு ராஜஸ்தானில் சோலார் பூங்காக்களுக்கு நிலம் ஒதுக்கும் பேச்சு வந்தாலே கூடவே ஒரு கேள்வியும் வந்துவிடும்: ‘அங்கே மணலைத் தவிர என்ன இருக்கு?’ பட்லா பூங்கா மட்டுமே ஏறத்தாழ 14 ஆயிரம் ஏக்கர். அரசுப் பதிவேடுகளும் இந்தப் பக்கத்தில் பரந்த நிலத்தைத் ‘தரிசு’ என்றே குறிக்கின்றன. ஆனால், தார் பாலைவனம் பற்றிய புத்தகங்களைப் புரட்டினால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

ஜோத்பூர் தாவரவியல் பேராசிரியர் எம்.எம்.பண்டாரியின் ‘ஃப்ளோரா ஆஃப் தி இந்தியன் டெசர்ட்’ 1978-ல் வெளிவந்தது. 1990-ல் திருத்திய பதிப்பு வந்தது. ‘வெறும் மணல்’ என்று சொல்லப்படும் இடத்தில் அவர் பட்டியலிட்டவை ஏறத்தாழ 680 தாவர இனங்கள். அதற்கு முன்பே, 1974-ல், பஞ்ச காலத்தில் மக்கள் எந்தச் செடிகளைத் தின்று உயிர் பிழைத்தார்கள் என்று தனிக் கட்டுரையும் எழுதியிருந்தார். துணியில் ஒட்டிக்கொண்டு குத்தும் முள்புல்லின் விதைகூட ரொட்டி மாவாகியிருக்கிறது. கேஜ்ரி மரத்தின் பட்டையையும் அரைத்துத் தின்றிருக்கிறார்கள். கேஜ்ரி வேறொன்றுமில்லை, நம்மூர்க் கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் வன்னிதான். 1730-ல் அதை வெட்டவிடாமல் பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்பது அந்த மண்ணின் வரலாறு.

மணலுக்குள் ஒளிந்த தண்ணீர்

தாவரவியல் நூலைக் கதைபோலப் படிக்க முடியாதுதான். அதற்கு அனுபம் மிஸ்ரா இருக்கிறார். டெல்லி காந்தி அமைதி அறக்கட்டளையில் பணியாற்றிய அவர் 1995-ல் இந்தியில் எழுதியது ‘ராஜஸ்தான் கீ ரஜத் பூந்தேன்’. பாலைவன மக்கள் தண்ணீரை மூன்றாகப் பிரிக்கிறார்கள் என்கிறது அந்நூல். மேலே ஓடும் மழைநீர் பாலர், ஆழத்து நிலத்தடி நீர் பாதாளம், இரண்டுக்கும் நடுவே மணலில் ஈரமாகத் தங்குவது ரேஜாணி.

சில இடங்களில் மணலுக்கடியில் ஜிப்சம் படுகை ஓடுகிறது. பெய்த மழை அதைத் தாண்டிக் கீழேயுள்ள உப்புநீரில் கலக்காமல் மேலேயே தங்கிவிடும். அந்த ஈரத்தைச் சொட்டுச் சொட்டாகக் கறக்கத் தோண்டுவதுதான் ‘குயீ(ன்)’ என்னும் குறுங்கிணறு. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று குடம் தேறினாலே பெரிது. உள்ளே தோண்டுபவர் தலையில் உலோகப் பாத்திரம் கவிழ்த்திருப்பார். மேலே நிற்பவர்கள் கைப்பிடி மணலை வேகமாக வீசுவார்கள். மணலோடு நல்ல காற்றும் கீழே இறங்கும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு! கிணற்றுச் சுவர் சரியாமலிருக்க, கீம்ப் என்ற செடியில் திரித்த கயிற்றைச் சுற்றிச் சுற்றி அடுக்குவார்கள்.

இந்நூலில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. குயீ தனியாருடையது, அது நிற்கும் நிலமோ ஊர்ப் பொது. எல்லாக் கிணற்றுக்கும் ஒரே ஈரம் என்பதால், புதிதாக ஒன்று தோண்ட ஊர் சம்மதிக்க வேண்டும். பதிவேட்டில் ‘தரிசு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்தச் செடி, கிணறு, ஊர் வழக்கம் எல்லாமே மறைந்துவிடுகின்றன.

17-ம் நூற்றாண்டில் அப்படி மறைக்கவில்லை. ஜோத்பூர் திவான் முஹ்ணோத் நைண்சி தொகுத்த ‘மார்வாட் ரா பர்கனா ரீ விகத்’ ஊர் ஊராகப் பயிர், கிணறு, குளம், வரி என்று எழுதி வைத்திருக்கிறது. வரி வசூலுக்காகச் செய்த வேலைதான். ஆனாலும் அந்த அதிகாரி, என்ன இருக்கிறது என்று கேட்டுத்தான் எழுதினார்.

கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஜோத்பூரே சாட்சி. பாலையைப் பசுமையாக்க மன்னராட்சிக் காலத்தில் பரப்பிய சீமைக்கருவேலம் அங்கே ‘பாவ்லியா’, அதாவது பைத்தியம். மெஹ்ரான்கர் கோட்டையடிப் பாறைகளில் அதை வேரோடு பெயர்த்துவிட்டு மண்ணின் செடிகளை வளர்க்கும் வேலையை, ‘ட்ரீஸ் ஆஃப் டெல்லி’ எழுதிய பிரதீப் கிருஷண் 2006-ல் தொடங்கினார். இன்று அது ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா.

கோயில்களையொட்டிய பொதுக்காடுகளான ‘ஓரண்’களைத் தரையிலும் செயற்கைக்கோள் மூலமும் அளந்து, காடு என அறிவிக்கும்படி 2024 டிசம்பர் 18-ல் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் அரசுக்கு உத்தரவிட்டது.

எதிலிருந்து படிக்கத் தொடங்குவது? இந்தி தெரிந்தவர்களுக்கு மிஸ்ராவின் குயீ பகுதிதான் நல்ல வாசல். என்சிஇஆர்டி 11-ம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் அது இடம்பெற்றது.