நடக்கும்போது இறங்கும் இரத்த அழுத்தம்

நம் செம்பூர் டயமண்ட் கார்டனில் காலையில் நடக்கும் அன்பர்களில் பலருக்குத் தங்கள் பி.பி. எண் மனப்பாடம். ஆனால் அது நாற்காலியில் உட்கார வைத்து எடுத்த எண். கடையின் திறமை தீபாவளிக் கூட்டத்தில்தான் தெரியும். இதயமும் அப்படித்தான்.

ஓய்வில் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தம் அனுப்புகிறது. நல்ல உடம்பில், ஓடும்போது அது நான்கு மடங்குகூட ஆகும். அப்போது மேல் அழுத்தம் 120-லிருந்து 160, 180 என்று ஏறும். கீழ் அழுத்தம் அதிகம் மாறாது. இது இயற்கை, பயப்பட வேண்டாம்.

இதயத்தசை தடித்துப்போகும் நோயில் கணக்கு மாறுகிறது. இதை ஹைப்பர்டிராபிக் கார்டியோமயோபதி என்பார்கள். தடித்த தசை விறைப்பானது. அறை விரிந்து நிரம்பாது. நாடி வேகமானால் நிரம்ப நேரமும் போதாது. சிலருக்குத் தடித்த சுவர் இரத்தம் வெளியேறும் வாசலையே அடைக்கும். வேலை செய்யாத உறுப்புகளின் இரத்தக்குழாய்கள், சுருங்க வேண்டிய சமயத்தில் விரிந்துவிடுவதும் உண்டு. ஆகவே சிலருக்கு மேல் அழுத்தம் 20 புள்ளிகூட ஏறாது. அல்லது ஏறியது இறங்கிவிடும். தலை சுற்றும், மயக்கம் வரும். துடிப்பு தாறுமாறாகி உயிர் போவதும் உண்டு.

இது நமக்கு அந்நிய விஷயமல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணி, ஐதராபாத் சி.சி.எம்.பி. நிலையத்தின் குமாரசாமி தங்கராஜ் முதலான அறிஞர்கள் 2009-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இதயத்தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட குறை, இந்தியத் துணைக்கண்டத்தாரில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது என்றார்கள். குறையுள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனால் பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் பிள்ளைக்கு இறங்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்குக் குடும்பத்தின் நோய் வரலாறு சரியாகத் தெரியாது. இளவயதில் திடீரென்று இறந்த சித்தப்பாவை, மாமனை, "மாரடைப்பு" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெரியவர்களிடம் விவரமாகக் கேட்டு எழுதி வையுங்கள்.

நடக்கையிலோ மாடிப்படி ஏறுகையிலோ கண் இருட்டினால் பித்தம், வாயு என்று இஞ்சிச் சாற்றோடு விட்டுவிடாதீர்கள். இதய டாக்டரிடம் போய் எக்கோ எடுங்கள். அவர் சொன்னால், அவர் முன்னிலையில் டிரெட்மில்லில் நடக்கும்போதே பி.பி. பார்க்கலாம். நோய் உறுதியானாலும் நடையே கூடாது என்பதில்லை. நாடியைத் தணித்து, இதயம் நிரம்ப நேரம் தரும் மாத்திரைகள் இருக்கின்றன. எவ்வளவு நடக்கலாம் என்பதை டாக்டர் சொல்வார். வீட்டுப் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்து பார்த்துவிடுவது நல்லது.