கொடியைப் பார்... ஓசையை நம்பாதே!



திருநெல்வேலி மாவட்டத்து உவரி கடற்கரையில் இன்று படகுகள் இயந்திர ஓசையோடு கிளம்புகின்றன. நான் சிறுவனாக இருந்தபோது கட்டுமரத்தில் பாய் விரித்துத்தான் போவார்கள். காற்றுதான் இயந்திரம்! கிழக்கிலிருந்து வீசினால் கொண்டல், வடக்கிலிருந்து வீசினால் வாடை, மேற்கிலிருந்து வீசினால் கச்சான் என்று அதற்குப் பெயர்களும் உண்டு.

பாய்மரப் படகு ஓட்டுவது இன்று உலகம் அறிந்த விளையாட்டு. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியா சார்பில் பாய்மரப் படகு ஓட்டிய முதல் பெண். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டார். சிறுவர்களுக்கென்றே 'ஆப்டிமிஸ்ட்' என்ற குட்டிப் படகு உண்டு. நீளம் 2.3 மீட்டர், ஒரே பாய். 15 வயது வரை இதில் போட்டியிடலாம்.

சரி, கடலில் போட்டியை நடத்துவது எப்படி? அங்கே சுண்ணாம்புக் கோடு போட முடியாதே!

மிதக்கும் மைதானம்

போட்டி நடத்துபவர்கள் முதலில் காற்றின் திசையைப் பார்க்கிறார்கள். பிறகு பெரிய மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்துகிறார்கள். நடுவர் படகின் கொடிமரத்துக்கும் ஒரு மிதவைக்கும் இடையே உள்ள கற்பனைக் கோடுதான் தொடக்கக் கோடு. முதல் ஓட்டம் பெரும்பாலும் காற்றை எதிர்த்துத்தான். எந்தப் பாய்மரமும் காற்றுக்கு நேர் எதிரே போக முடியாது. எனவே படகுகள் வளைந்து வளைந்து முன்னேறும். காற்று திசை மாறினால் மிதவையையும் மாற்ற வேண்டும்.

ஐந்து நிமிடக் கணக்கு

தொடங்க 5 நிமிடம் இருக்கும்போது ஒரு கொடி ஏறும். 4 நிமிடம் இருக்கும்போது இன்னொரு கொடி ஏறும். ஒரு நிமிடம் இருக்கும்போது இரண்டாவது கொடி இறங்கும். முதல் கொடி இறங்கியதும் போட்டி தொடங்கும். ஒவ்வொரு முறையும் ஹாரன் ஒலிக்கும்.

ஆனால் நேரக் கணக்கு கொடிக்குத்தான், ஓசைக்கு அல்ல! ஏன் தெரியுமா? ஓசை ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். அவ்வளவு தூரத்தில் இருப்பவருக்கு ஹாரன் ஒரு விநாடி தாமதமாகக் கேட்கும். கொடியோ எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். அருகில் இருப்பவருக்கும் தூரத்தில் இருப்பவருக்கும் ஒரே நீதி!

முந்தியவர் திரும்ப வேண்டும்

யாராவது முன்கூட்டியே கோட்டைத் தாண்டிவிட்டால், நீலச் சிலுவை போட்ட வெள்ளைக் கொடி உடனே ஏறும். ஹாரன் ஒருமுறை ஒலிக்கும். தாண்டியவர் திரும்பி வந்து, கோட்டுக்குப் பின்னால் சென்று, மறுபடி தொடங்க வேண்டும். வராவிட்டால் அவர் போட்டியைத் தொடங்கியதாகவே கணக்கில்லை. அவர் எவ்வளவு பெரிய வீரராக இருந்தாலும் சரி!

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. ஒரு பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயத்தை நான்தான் தொடங்கி வைத்தேன். விசில் ஊதும் முன்பே ஒரு பையன் ஓடிவிட்டான். நேரமாகிவிட்டதே என்று விட்டுவிட்டேன். பரிசு அவனுக்கே கிடைத்தது. இரண்டாவதாக வந்த பையன் ஒன்றும் கேட்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்தான், அவ்வளவுதான். அந்தப் பார்வை இன்றும் என் மனத்தில் இருக்கிறது.

பாய்மரப் போட்டியில் இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. விதியை மீறி அடுத்த படகுக்கு இடையூறு செய்தவர், தவறை உணர்ந்ததும் தாமே படகை இரண்டு முறை முழு வட்டமாகச் சுற்றித் தண்டனையை முடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு படகின் அருகிலும் நடுவர் நிற்க முடியாதே!

செய்து பாருங்கள்

பள்ளி மைதானத்தின் மறுமுனையில், சுமார் 100 மீட்டர் தள்ளி, நண்பனை நிறுத்துங்கள். தட்டைத் தலைக்கு மேல் பிடித்துக் கரண்டியால் தட்டச் சொல்லுங்கள். கரண்டி படுவது முதலில் தெரியும். ஓசை சற்றுப் பின்னால் வரும்.

அடுத்த விளையாட்டு விழாவில் விசிலோ கொடியோ உங்கள் கைக்கு வந்தால், கடைசி வரிசையில் நிற்பவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். யாராவது முந்தினால், தயங்காமல் திரும்பக் கூப்பிடுங்கள். நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள்!