இருட்டில் யானையை 'பார்க்கும்' கேமரா: மதுக்கரை தண்டவாளத்தில் என்ன நடக்குது?

கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போயிருக்கீங்களா? மதுக்கரை தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே மேற்குத் தொடர்ச்சி மலை வந்துவிடும். நமக்கு அது அழகான வியூ. யானைகளுக்கோ அது தினசரி கடக்க வேண்டிய ஆபத்து.

2021 நவம்பர் 26 இரவு, நவக்கரை அருகே மங்களூரு - சென்னை ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. 2008-லிருந்து இந்தப் பகுதியில் ரயில் மோதி இறந்தவை 11 யானைகள் என்கிறது அரசுக் கணக்கு.

என்ன செய்தார்கள்?

2024 பிப்ரவரியில், ₹7.24 கோடி செலவில் ஏஐ கண்காணிப்பு அமைப்பைத் தமிழக வனத்துறை இங்கே தொடங்கியது. எட்டிமடைக்கும் வாளையாருக்கும் இடையே காட்டை 'ஏ', 'பி' என இரண்டு லைன்கள் வெட்டிப் போகின்றன. அவற்றை ஒட்டி ஏறத்தாழ 7 கிலோமீட்டருக்கு 12 கோபுரங்கள். மதுக்கரையில் ஒரு கட்டுப்பாட்டு அறை.

எப்படி வேலை செய்யுது?

சாதாரண கேமராவுக்கு வெளிச்சம் வேணும். தெர்மல் கேமராவுக்கு வேண்டாம். ஒவ்வொரு பொருளும் வெளியிடும் வெப்பக் கதிர்களை வைத்தே அது படம் எடுக்கும். அதனால் கும்மிருட்டிலும் யானையின் உருவம் திரையில் தனியாகத் தெரியும். ஆனால் வெயிலில் காய்ந்த பாறையும் சூடாகத்தானே இருக்கும்? அங்கேதான் ஏஐ வேலைக்கு வருது. வடிவம், அசைவை வைத்து அது யானையா, மாடா, ஆளா என்று பிரிக்கிறது.

தண்டவாளத்துக்கு எவ்வளவு பக்கத்தில் யானை நிற்கிறது என்பதைப் பொறுத்து எச்சரிக்கையின் தீவிரம் கூடும். தகவல் உடனே வனத்துறைக்கும் ரயில்வேக்கும் போகும். லோகோ பைலட் வேகத்தைக் குறைப்பார். களப் பணியாளர்கள் யானையைத் திருப்பி அனுப்புவார்கள்.

சில நிமிடங்கள் ஏன் முக்கியம்?

ஒரு சின்ன கணக்கு. 90 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் ஒரு நிமிடத்தில் ஒன்றரை கிலோமீட்டரைக் கடந்துவிடும். ஹெட்லைட்டில் யானை தெரிந்த பிறகு பிரேக் போட்டால், பெரும்பாலும் லேட். யானை தண்டவாளத்தில் ஏறும் முன்பே தெரிந்தால்தான் பயன்.

ட்ரோன் போதாதா?

தெர்மல் ட்ரோன்களையும் வனத்துறை பயன்படுத்துகிறது. ஊருக்குள் வந்த யானை எந்தத் தோட்டத்தில் நிற்கிறது என்று தேட அது நல்ல கருவி. ஆனால் பேட்டரி பொதுவாக அரை மணி நேரம்தான் தாங்கும். மழை, பலத்த காற்று என்றால் பறக்காது. ராத்திரி முழுக்க ஒரே இடத்தைக் கண்காணிக்க கோபுரம்தான் சரி.

வடகிழக்கு மாநிலங்களில் ரயில்வே கையாளும் 'கஜராஜ்' முறை வேறு மாதிரி. தண்டவாளத்தை ஒட்டிய ஃபைபர் கேபிளில் பதிவாகும் அதிர்வை வைத்து யானை நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும்.

பலன் கிடைத்ததா?

தொடங்கிய பின் முதல் ஓராண்டில், இந்தக் கண்காணிப்புப் பகுதியில் ரயில் மோதி ஒரு யானைகூட இறக்கவில்லை. இதற்கு ஏஐ மட்டும் காரணமில்லை. தண்டவாளத்துக்கு அடியில் ரயில்வே கட்டிய இரண்டு சுரங்கப்பாதைகளும், இரவில் வேகக் கட்டுப்பாடும் கைகொடுத்தன.

கேமரா எச்சரிக்கத்தான் முடியும். வேகத்தைக் குறைக்க வேண்டியதும், யானை நடக்கும் வழியை அடைக்காமல் விட வேண்டியதும் மனிதர்கள்தான். அடுத்த முறை எட்டிமடை பக்கம் உங்க ரயில் மெதுவாகப் போனால், டென்ஷன் ஆகாதீங்க. முன்னால் ஒரு குட்டி யானை அம்மாவோடு தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருக்கலாம்.